சிங்கி நடந்த தூரம்

உலகத்தில் வாக்கிங் போகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் மொர்டோருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் ஃப்ரோடோ என்கிற குள்ளன், ஒரு பொல்லாத மோதிரத்தை எரிமலையில் போட்டுத் தொலைக்க நடையாய் நடக்கிறானே, அந்த வழிதான். கேரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்க அம்மையார் 1981-இல் அந்தக் கற்பனை உலகத்துக்கு ஓர் அட்லஸே போட்டுவிட்டார். எந்த நாளில் எத்தனை மைல் என்பதுவரை அளந்து கொடுத்திருக்கிறார். அதை வைத்து ரசிகர்கள் கூட்டிப் பார்த்ததில், ஃப்ரோடோவின் வீட்டு வாசலிலிருந்து எரிமலை வாய்வரை 1,779 மைல் வந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 2,860 கிலோமீட்டர். தெருவிலும் பூங்காவிலும் நடந்ததைத் தினமும் இந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். மூன்றரை மாதம் விடாமல் பூங்காவைச் சுற்றியவர், கதைவழியில் வரும் ரிவெண்டெல் போய்ச் சேர்ந்துவிட்டதாக வீட்டில் அறிவிக்கிறார். வீட்டில், வருகிற வழியில் கொத்தமல்லி வாங்கினீர்களா என்று கேட்கிறார்கள். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வது சுலபம். என் கட்சி வேறு. ஊர் பேர் இல்லாமல் வெறும் ஸ்டெப்பை எண்ணிக்கொண்டு நடப்பதுதான் பைத்தியக்காரத்தனம். கதைக்குள் நடக்கிறவர்தான் தெளிவாக இருக்கிறார். ஒரே திருத்தம்: செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து ஆள் அதற்காக மொர்டோர்வரை போகவேண்டியதில்லை.

முதலில் தினம் பத்தாயிரம் ஸ்டெப் என்கிற இலக்கை விசாரிப்போம். மருத்துவர் யாரோ நாடி பிடித்துப் பார்த்துச் சொன்ன எண் என்று பலரும் நம்புகிறார்கள். அது கடைக்காரர் சொன்ன எண். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருஷம், 1965-இல், யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. ஆராய்ச்சி சாவகாசமாக ஐம்பது வருஷம் கழித்து வந்தது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை அளந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பலன் ஏறிக்கொண்டே வந்து சுமார் 7,500 ஸ்டெப்பில் சமனாகிவிடுகிறது. மிச்சமுள்ள இரண்டாயிரத்து ஐந்நூறு, விளம்பரத்துக்காக நாம் நடந்து கொடுப்பது. இதைவிடப் பெரிய குறை, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் போனில் எண் சைபராகிவிடுவது. நேற்று இரவு பத்தேமுக்கால் மணிக்கு மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, பால்காரரைப்போல் அளந்து பத்தாயிரத்தை முடித்தவர், இன்று காலை ஒன்றிலிருந்து தொடங்குகிறார். விக்கிரமாதித்தன்கூட வேதாளத்தைத் தோளில் போட்டதும் ஒரு கதை கேட்டான். பிறகுதான் அது முருங்கைமரம் ஏறியது. போன் அந்தக் கதையைக்கூடச் சொல்வதில்லை. டியூக் பல்கலைக்கழகத்து ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட சோதனைகளிலும் இதுதான் தெரிந்தது: அளந்தவர்கள் அதிகம் செய்தார்கள், ஆனால் குறைவாக ரசித்தார்கள். பொழுதுபோக்கு கண்ணெதிரே உத்தியோகம் ஆகிவிடுகிறது. சம்பளமில்லாத உத்தியோகம்.

கதை இங்கேதான் கைகொடுக்கிறது. கதைக்கு இடம் உண்டு, முடிவு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு உண்டு. ஃப்ரோடோ செப்டம்பர் 23-இல் கிளம்பி மார்ச் 25-இல் காரியத்தை முடிக்கிறான், ஆறு மாதம். அதில் ரிவெண்டெலில் அக்டோபர் 20 முதல் டிசம்பர் 25 வரை தங்கல். அதன்பிறகு லோத்லோரியன் காட்டில் இன்னொரு மாதம். ஆக, உலகத்தையே காப்பாற்றப் புறப்பட்டவன் பாதிக்கு மேற்பட்ட நாள் உட்கார்ந்து சாப்பிட்டுக் கதை பேசியிருக்கிறான். அவன் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்திருந்தால் இரண்டாம் நாளே மணிக்கட்டில் நடுங்கி, எழுந்து கொஞ்சம் நடங்கள் என்று சொல்லியிருக்கும். எரிமலைக்கு அவன் போய்ச் சேர்ந்திருக்கமாட்டான். கதைக்கணக்கில் நடக்கிறவருக்கு ஒரு வாரம் மழையென்றால் அது தோல்வி ஆவதில்லை, லோத்லோரியனில் இருக்கிறார். போனவாரம் விட்ட இடத்தில் அவர் காலடி அப்படியே இருக்கும். நள்ளிரவு வந்து அழிக்காது.

உடனே ஒரு ஆட்சேபம் வரும்: நடக்காத ஊருக்கு நடந்தேன் என்பது பொய்யில்லையா? இந்த வழக்கில் தீர்ப்பு கைலாயத்திலேயே சொல்லியாகிவிட்டது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கு மாம்பழம் என்று போட்டி. தம்பி மயிலேறி நிஜமாகவே சுற்றினார். அண்ணன் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முடித்தாயிற்று என்றார். பழம் யாருக்குப் போனது என்பது தெரிந்ததுதான். நிஜமாகச் சுற்றியவர் பழனிமலைக்குக் கோபித்துக்கொண்டு போனார். இன்று கற்பனைப் பயணத்தை முடித்தவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு தபாலில் மெடல் அனுப்பும் கம்பெனிகள், அந்த மாம்பழத்துக்குத்தான் கட்டணம் வைத்திருக்கின்றன.

புராணம் போதாது, சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒரு சாட்சி இருக்கிறது. ஹிட்லரின் அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பீர், இருபது வருஷத் தண்டனையில் பெரும்பகுதியை ஸ்பாண்டாவ் சிறையில் கழித்தவர். தோட்டத்தைச் சுற்றி நடப்பதை 1954 முதல் உலகப் பயணமாக மாற்றிக்கொண்டார். சுற்று எண்ண உடன் கைதி ஹெஸ் சொன்ன உபாயம்: ஒரு பையில் அவரை விதைகளைப் போட்டுக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக மறுபைக்கு மாற்றுவது. அரசமரத்தை 108 சுற்றுச் சுற்றுகிற நம் ஊர் அம்மாக்களுக்கு இந்த நுட்பத்தை ஹெஸ் வந்து சொல்லித்தரவேண்டியதில்லை. ஆசியாவைக் கடந்து, அமெரிக்காவுக்குத் தாவி, 1966-இல் விடுதலையானபோது ஸ்பீர் தம் கணக்கில் மெக்சிகோவில் இருந்தார். ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர். போர்க்குற்றவாளி பிடித்த வழக்கம் நமக்கெதற்கு என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான். அவர் நடந்தது குற்றமில்லை, அதற்கு முன்னால் செய்ததுதான் என்று சொல்லி மேலே போகலாம்.

இன்னும் பக்கத்தில் சாட்சி வேண்டுமென்றால் செங்கோட்டையை ஒட்டிய பிரானூருக்கு வரவேண்டும். ஊருக்கே பிரானூர் பார்டர் என்று பெயர். பார்டர் பரோட்டா சாப்பிட மதுரையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பார்டர் எங்கே என்று தேடினால் அங்கே பார்டர் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் அந்த இடம் எல்லை. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை மேற்கே புளியரை தாண்டி மலைக்கு ஏறிப் போய்விட்டது. பெயர் மட்டும் கூடப் போகவில்லை. ஒரு வட்டாரமே இல்லாத எல்லைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் திரும்புகிறது. இல்லாத இடத்துக்குப் போகிற வித்தையில் இந்த ஊர்க்காரருக்கு ஃப்ரோடோவின் ஆட்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

இரண்டாவது ஆட்சேபம் கணக்குப் பற்றியது. கதையில் வரும் தூரம் நம்பத் தகுந்ததா? மொர்டோர் வழியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஃப்ரோடோ கணிசமான தூரத்தை ஆற்றில் படகில் போகிறான். ரசிகர்கள் அதையும் காலால் நடந்து தீர்க்கிறார்கள். 'பொன்னியின் செல்வன்' வழியைப் பிடிக்கலாமென்றால் வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்திலேயே குதிரைமேல் வருகிறான், பிறகு கப்பல் வேறு. நடந்தே போனவர்கள் என்று பார்த்தால் கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் கிடைக்கிறார்கள். அங்கே கணக்கு இன்னும் விசேஷம். புகாரைவிட்டு ஒரு காதம் நடப்பதற்குள் கால் நொந்துபோன கண்ணகி மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் ஆறு ஐந்து காதம், பக்கம்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். பெருக்கினால் முப்பது, களைத்த காதுக்கு ஆறோ ஐந்தோ. காதம் என்றால் சுமார் பத்து மைல் என்பது அகராதிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 480 கிலோமீட்டர். பூம்புகாரிலிருந்து திருச்சி வழியாக மதுரை இன்றைய சாலையில் முந்நூறுக்குச் சற்று மேலே. கேட்டவளுக்குக் குறைத்தும் கணக்கில் கூட்டியும் ஒரே வாக்கியத்தில் காட்டிய அந்த இரட்டைத் திறமை, பஸ்ஸில் போகும்போது குலுங்கலையெல்லாம் ஸ்டெப்பாக எண்ணும் போனுக்குக்கூட முழுதாக வாய்க்கவில்லை. ஆனால் கண்ணகி நடந்தாள். முப்பது என்று உடைத்துச் சொல்லியிருந்தால் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்திருப்பாள். தூரத்தை இப்படிச் சிறுசிறு கவளமாகப் பிட்டுத் தருவதற்குத்தான் கதை வேண்டியிருக்கிறது.

என்றாலும் கண்ணகி வழியை வாக்கிங் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். போய்ச் சேருமிடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரிந்தும் உற்சாகமாகக் கைவீசி நடக்க முடியாது. நமக்கு வேண்டியவள் குற்றாலத்திலேயே இருக்கிறாள். 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய 'குற்றாலக் குறவஞ்சி'யின் சிங்கி, குறி சொல்லிக்கொண்டே ஊர் ஊராகப் போய்வந்தவள். எவ்வளவு தூரம் என்று அவள் எங்கும் எண் சொல்வதில்லை, உடம்பில் போட்டிருக்கிறாள். காலில் கிடக்கும் சிலம்பு சேலத்தில் குறி சொன்னதற்கு. கால்விரல் ஆழி கண்டியில் பெற்றது. கட்டியிருக்கும் சல்லாச் சேலை நெல்வேலிக்காரர் கொடுத்தது. கழுத்து முத்தாரம் காயல்காரர் உபயம். தபாலில் மெடல் வாங்குகிறவர்கள் இருநூற்றைம்பது வருஷத்துக்குமேல் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதிலும் அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், சிங்கி வேலை செய்து வாங்கினாள். இத்தனைக்கும் அவளை அனுப்பிவைத்த கவிராயருக்கு ஊர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற மேலகரம். அருவிக்குக் காலாற நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு கதாநாயகியைச் சேலத்துக்கும் கண்டிக்கும் விரட்டியிருக்கிறார். மதுரை நாயக்கர் அதற்குப் பரிசாக அவருக்கு நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று பெயர். நடக்காதவருக்குத்தான் பெரிய மெடல்.

சிங்கி வழி நம் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒரு ஸ்டெப்புக்கு எழுபது சென்டிமீட்டர் வைத்தால் பத்தாயிரம் என்பது ஏழு கிலோமீட்டர். குற்றாலத்திலிருந்து திருநெல்வேலி அறுபது கிலோமீட்டருக்குள். ஒன்பதாம் நாள் சேலை. அங்கிருந்து காயல்பட்டினம் சுமார் ஐம்பது, இன்னும் ஒரு வாரத்தில் முத்தாரம். சேலத்திலிருந்து வீடு திரும்ப நானூறு, இரண்டு மாதம். கடலை ஒதுக்கிவிட்டுக் கண்டியையும் சேர்த்து மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். மொர்டோரில் பாதிகூட வராது. வழியெல்லாம் இட்லி கிடைக்கும். மொர்டோரில் கடைசி நூறு மைலுக்குத் தண்ணீருக்கே திண்டாட்டம். அதோடு, ஃப்ரோடோ போவது கையிலிருக்கும் நகையைத் தொலைக்க. சிங்கி போவது நகை சேர்க்க. தமிழ்க் குடும்பத்தில் எந்தப் பயணத்துக்கு ஆதரவு கிடைக்கும் என்பதை விளக்க வேண்டுமா?

கடைசி ஆட்சேபம்தான் பலமானது. எதிரே மேற்கு மலைத்தொடர், ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று, ஜூன் பிறந்தால் சாரல்; இவ்வளவும் நிஜமாக இருக்கும் ஊரில் கற்பனை எதற்கு? அதோடு தைமாதம் இந்த வட்டாரத்து ஜனங்கள் திருச்செந்தூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதயாத்திரை போகிறார்களே, அது நிஜ நடை இல்லையா? நிஜம்தான், அதற்கு எந்த ஆப்பும் ஈடு இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, நாலைந்து நாள். மிச்சமுள்ள முந்நூற்று அறுபது நாளுக்கு முருகன் பொறுப்பேற்கவில்லை. மலையைப் பற்றிச் சொன்னால் மனத்தாங்கல் வரும், இருந்தாலும் சொல்கிறேன்: தினம் பார்க்கிற மலையை யாரும் பார்ப்பதில்லை. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதைச் சென்னையிலிருந்து போன் செய்கிற மைத்துனர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறவர்கள் தென்காசியில் இருக்கிறார்கள். சீசனில் குற்றாலம் ரோட்டில் நடக்கலாம் என்று இறங்கினால் வெளியூர் வேன்களும் எண்ணெய் தேய்த்த உடம்புகளும் இடம் விடுவதில்லை. சாரல் நாளில் வாக்கிங் என்பது தாழ்வாரத்தில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும்தான். அப்போது காலுக்குக் கிடைப்பது தாழ்வாரம். மனசாவது கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டிப் பக்கம் போகட்டுமே, யார் தடுத்தது.

கண்டிக்கும் காயலுக்கும் நடுவே இருக்கிற கடலை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. படகுத் தூரத்தையும் நடந்தே தீர்க்கும் மொர்டோர்க்காரர்களின் கறார் நமக்கு வேண்டாம். சிங்கி நீந்தியிருக்கமாட்டாள், தோணி ஏறியிருப்பாள். கடலுக்கு எத்தனை நாளோ அத்தனை நாளும் வீட்டில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடிக்கலாம். கணக்குப்படி அது பயணம்தான். வீட்டார் நம்பமாட்டார்கள். சிங்கியையே நம்பவில்லை. அவளைத் தேடி அலைந்து ஒருவழியாகக் கண்டுபிடித்த கணவன் சிங்கன், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே, விரலில் பூச்சி சுருண்டிருக்கிறதே, இதெல்லாம் ஏது என்று ஒவ்வொன்றாகத்தான் விசாரித்தான். அவளும் சளைக்காமல் பாம்பில்லை சேலம், பூச்சியில்லை கண்டி என்று ஊர்க்கணக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.