அரைக் கட்டை இறக்கம்

புதுக்கோட்டைப் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால், எழுபது பேர் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நடுவில் ஒருவர் குச்சி ஆட்டுகிற சமாச்சாரம் இல்லை. கோயில் திடலில் மேடை, ஒரு டெம்போ நிறைய ஸ்பீக்கர், இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், தபலா, கிட்டார், ஆண் குரல், பெண் குரல், இவர்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பேசுகிற தொகுப்பாளர். அவ்வளவுதான். வயலினுக்கு இதில் இடம் கிடையாது. அதன் வேலையைக் கீபோர்டில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்று எழுதியிருக்கிற பொத்தான் சம்பளம் கேட்காமல் பார்த்துக்கொள்ளும்.

அப்படியிருக்க, பங்குனிப் பூச்சொரிதலுக்கு ‘வயலின் சோலோ’ என்று என் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். விழாக் கமிட்டியில் என் மச்சான் இருக்கிறார். இசை சார்ந்த காரணம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தயாராக வேண்டுமே என்று, ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசித்தவர்களைக் கேட்கத் தொடங்கினேன். எல். சுப்பிரமணியம் 1985-இல் ஜூபின் மேத்தாவின் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு வாசித்தவர். மறு வருஷம் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ வந்தது, அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின். இரண்டு பேரையும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை கேட்டேன். கேட்டு முடித்ததும் வயலினை எடுத்து வாசிக்கத் தோன்றவில்லை. விற்றால் எவ்வளவுக்குப் போகும் என்றுதான் தோன்றியது.

கடைசியில் கைகொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரரான குன்னக்குடி வைத்தியநாதன். 1972-இல் வந்த ‘தெய்வம்’ படத்துக்கு அவர்தான் இசை. மதுரை சோமு பாடிய மருதமலைப் பாட்டு அதில்தான். அதையே வாசிக்கிறேன் என்றேன். “மாரியம்மன் கோயில்ல முருகன் பாட்டா?” என்று கமிட்டியில் ஒருவர் இழுக்க, “ஆத்தாவுக்குப் புள்ளதானப்பா” என்று இன்னொருவர் முடித்துவைத்தார். கூடவே ஒரு நிபந்தனை: “குன்னக்குடி மாதிரி வயலினைப் பேச வைக்கணும்ணே.” அவருடைய வயலின் பேசினால் சபை கைதட்டும். என்னுடையது பேசினால் சமையல்கட்டிலிருந்து என் மனைவி பதில் சொல்வாள்.

முதல் சிக்கல் உட்காருவதில் வந்தது. நாம் சம்மணம் போட்டு, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலில் வைத்து, மறுமுனையை நெஞ்சில் அணைத்து வாசிக்கிறவர்கள். இரண்டு முனையும் கட்டுப்பட்டுக் கிடப்பதால்தான் இடதுகை கம்பி மேல் ஏறி இறங்கிக் கமகம் போட முடிகிறது. ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஒப்பவில்லை. “சோலோன்னா நிக்கணும்ணே. தரையில உக்காந்தீங்கன்னா பாட்டுக் கச்சேரின்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிருவாக.” வீட்டில் கண்ணாடி முன்னால் தாடைக்கடியில் வயலினைச் செருகி நின்று பார்த்தேன். கமகத்துக்காகக் கை கீழே வந்தால் வயலினும் கூடவே வந்தது. அன்று முழுக்கக் கழுத்து ஒரே பக்கமாக இருந்ததில், தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் நான் முறைப்பதாக நினைத்து விலகிப் போனார்கள். பந்தல்காரர்தான் வழி சொன்னார்: இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு மேலே ஜமக்காளம். உட்கார்ந்த மாதிரியும் ஆச்சு, உயரமாகத் தெரிந்த மாதிரியும் ஆச்சு.

அடுத்தது சுருதி. நான் தொடங்கி வைக்க, பாடகர் பல்லவியில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. இரண்டு கட்டைக்குச் சேர்த்து, ச-ப-ச-ப என்று நாலு கம்பியும் நிமிர்ந்து நின்றபோது பாடகர் தொண்டையைச் செருமினார். “பனி ஒத்துக்கல. அரைக் கட்டை இறக்கிக்குவமா?” பங்குனி வெயிலில் என்ன பனி என்று யாரும் கேட்கவில்லை. கீபோர்டுக்காரர் டீயைக் கீழே வைக்காமலே ஒரு பொத்தானை அமுக்கினார். ஒன்றரைக் கட்டை வந்துவிட்டது. நான் நாலு பிரடையையும் திருக வேண்டும். ஒன்று இறங்கினால் ஒன்று வழுக்குகிறது. சாக்பீஸ் பொடியைத் தடவினால் இறுகி அசையமாட்டேன் என்கிறது. ஒருவழியாகச் சேர்த்து வில்லைப் போட்டேன். “இப்பத் தேவல, பழையபடியே வச்சுக்கலாம்” என்றார் பாடகர். மறுபடியும் அந்தப் பொத்தான். மனிதர்களைக் கொல்லாமல் இருக்க சங்கீதம் பயன்படும் என்பார்கள். அதற்கு அது சேர்ந்து வர வேண்டும்.

மனசு ஆறட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குடுமியான்மலை போனேன். 20 கிலோமீட்டர் போல. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏழாம் நூற்றாண்டு வாக்கில் ஒரு முழு இசைப்பாடமே கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது: ஏழு ராகம், நாலு நாலு ஸ்வரமாக, மாணவர்களுக்காக என்ற குறிப்போடு. வெட்டச் சொன்ன அரசர் தன் பெயரைப் போடவில்லை. ருத்ராசாரியாரின் சீடன் என்பதோடு சரி. மகேந்திரவர்மன் என்று சிலரும் இல்லை என்று சிலரும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நோட்டீசில் பெயர் வராமலே வித்வானாக இருக்க முடிந்திருக்கிறது, கொடுத்து வைத்த காலம்.

ஆனால் புதுக்கோட்டையில் நிஜமான பயம் ஸ்வரத்தில் இல்லை, தாளத்தில். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமுண்டியா பிள்ளை இங்கேதான் இருந்தார். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவரிடம் பாடம் கேட்டவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இப்படிப்பட்ட ஊரில் சுருதி விலகினால் மைக் சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். தாளம் தப்பினால், கடலை வாங்க வந்தவர்கூடத் தொடையில் கையை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்ப்பார்.

என் தாளமோ கீபோர்டுக்குள் ஓடுகிற லூப். மிருதங்கக்காரர் என்றால் நாம் அரை மாத்திரை பிந்தினாலும் ஒரு ‘தொம்’மைக் கொஞ்சம் நீட்டி வழியில் ஏற்றிக்கொள்வார். லூப், பெல் அடித்துவிட்டுக் கிளம்புகிற டவுன் பஸ். கெஞ்சிக் கேட்டு அதை நிறுத்தினோம். தபலா வாசிக்கிற பையனை மட்டும் வைத்துக்கொண்டு, கீபோர்டுக்காரர் வீட்டு மாடியில் கடைசி ஒத்திகை. முடிக்கும்போது கதவைத் தட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பெரியவர் மேலே வந்தார். கையில் விசிறி. ராத்திரி பத்தரை மணி. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் வில்லைத் தளர்த்தத் தொடங்கினேன்.

“யாரு தம்பி வாசிச்சது?”

“நான்தான்யா” என்று எழுந்தேன்.

“நீ உக்காருப்பா” என்று சொல்லிவிட்டுத் தபலாக்காரப் பையனிடம் போய், அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “மூணாவது சுத்துல இவருக்காகக் காத்து நின்ன பாரு. யாருகிட்ட பாடம்?”