அப்பவே சொன்னேன்: தில்லி அணியின் ஆள்மாற்றக் கருத்துகள் குறித்து ஓர் ஆய்வு

கிரிக்கெட் ஆடத் தெரிந்தவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். தெரியாதவர்கள் ஏலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டாம் வகையினரே பெரும்பான்மை என்றாலும் அறிவுலகம் அவர்களை இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்க முனைகிறது இக்கட்டுரை. ஆய்வுக்களம்: ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார் பூங்காவின் காலை நடைபாதை. தரவு திரட்டிய முறை: ஒட்டுக்கேட்டல்.

மூல வழக்கு 2008-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று வந்த பையன்களை ஐபிஎல் அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அது ஏலம் அல்ல, அமெரிக்கக் கூடைப்பந்தின் என்பிஏ ஆண்டுதோறும் நடத்துகிற டிராஃப்ட் மாதிரி முறை வைத்து ஆள் பொறுக்குவது. கோப்பை வென்ற கேப்டன் விராட் கோலி அசல் தில்லிக்காரர். அவரை எடுக்கும் வாய்ப்பு டெல்லி டேர்டெவில்ஸுக்கு இருந்தது. எடுத்ததோ இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை. கோலி பெங்களூருக்குப் போனார். இதைத் தாம் அன்றே எதிர்த்ததாக, விசாரித்த அத்தனை பேரும் ஒரே குரலில் தெரிவித்தனர். 2008-இல் பிறந்தேயிராத பள்ளி மாணவர் ஒருவரும் "நான் அப்பவே சொன்னேன் அங்கிள்" என்றார். அவருடைய வாக்குமூலத்தைத் தனியே கோப்பில் வைத்திருக்கிறோம்.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்த முடிவில் குற்றம் காண முடியவில்லை. சேவாக், கம்பீர், தவன், டிவில்லியர்ஸ், தில்ஷான் என்று மட்டை பிடிக்க அன்று வரிசையில் நின்றார்கள். பந்து போடத்தான் ஆள் தேவைப்பட்டது. 1984-இல் என்பிஏ அணியான போர்ட்லாந்தும் இப்படித்தான் யோசித்தது. கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருக்கையில் அதே இடத்தில் ஆட இன்னொருவர் எதற்கென்று, நெடிதுயர்ந்த சாம் பௌவியை எடுத்தார்கள். அடுத்த முறை சிகாகோவுடையது. அவர்கள் எடுத்த ஆள் மைக்கேல் ஜோர்டான். பின்னாளில் ஆறு பட்டங்கள். அடிமுட்டாள்தனமான முடிவுகளை ஊர் சீக்கிரம் மறந்துவிடுகிறது, யோசித்து எடுத்தவைதான் நாற்பது வருடம் திட்டு வாங்குகின்றன.

இனி, தில்லிக்கே உரிய கூறு ஒன்று. சென்னை ரசிகர் தம் அணி ஒருவரை விடுவித்தால் இரண்டு நாள் சாப்பிடமாட்டார். தில்லித் தமிழருக்கு அந்தச் சிக்கல் இல்லை. இது டெபுடேஷனில் வந்து போகிறவர்களின் ஊர். தினேஷ் கார்த்திக் 2008-இல் இங்கே தொடங்கி, பஞ்சாப், மும்பை என்று சுற்றி, 2014-இல் 12.5 கோடிக்குத் திரும்பி வந்தார். மறு வருடமே 10.5 கோடிக்குப் பெங்களூர் போனார். அந்த ஏலத்தில் தில்லி 16 கோடி கொடுத்து எடுத்த யுவராஜ் சிங்கும் ஒரே சீசன்தான். ஆர்.கே. புரத்தில் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவரிடம், கார்த்திக்கை ஏன் சார் விட்டார்கள் என்று கேட்டதற்கு, "டெனியூர் முடிஞ்சுடுத்து. அடுத்த போஸ்டிங் எங்கேன்னு சொல்லுங்கோ" என்றார். இத்தனை தெளிவான விளக்கத்தை எந்தத் தொலைக்காட்சி வல்லுநரிடமும் நாம் கேட்டதில்லை.

2024 நவம்பரில் ஜெட்டா ஏலம். ரிஷப் பந்த்துக்கு லக்னோ 20.75 கோடி வரை ஏறியதும், பழைய ஆளை அதே விலைக்கு மீட்டுக்கொள்ளும் உரிமையைத் தில்லி கோரியது. கடைசியாக ஒருமுறை விலையை உயர்த்திக்கொள்ள லக்னோவுக்கு விதி இடம் கொடுத்தது; 27 கோடி என்றார்கள். தில்லி கையை இறக்கியது. மயூர் விஹாரில் அன்று துக்கம். 2025 சீசனில் பந்த் ரன் எடுக்கத் திணறத் திணற, துக்கம் தீர்க்கதரிசனமாக மாறிற்று: "நல்ல வேளை, தப்பிச்சோம்." லக்னோவின் கடைசி ஆட்டத்தில் அவர் 118 அடித்தார். மறுநாள் காலை நடையில் பேச்சு முழுக்கக் காய்கறி விலை பற்றியதாக இருந்தது.

ஆய்வின் உச்சம் 2025 ஜூன் 3, அகமதாபாத். இறுதிப் போட்டியில் ஒரு பக்கம், 2008-இல் தில்லி எடுக்காமல் விட்ட கோலி. எதிர்ப்பக்கம் பஞ்சாபின் கேப்டன் ஷ்ரேயஸ் ஐயர்: தில்லியை 2020-இல் இறுதிப் போட்டிக்கு அழைத்துப் போனவர், 2021-இல் தில்லி விடுவித்தவர், 2024-இல் கொல்கத்தாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெங்களூர் ஆறு ரன்னில் வென்றது. அதுவரை ஒரு ஐபிஎல் கோப்பையைக்கூடத் தொட்டிராத தில்லி, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திய இந்தச் சாதனையைப் புள்ளிப் பட்டியல் பதிவு செய்யவில்லை. இதற்கெனத் தனிக் கோப்பை நிறுவக் கோரி கிரிக்கெட் வாரியத்துக்கு மனு தயாராகிறது. மூன்று பிரதி எடுத்து, முறையான வழியில் அனுப்பச் சொல்லியிருக்கிறார் செக்‌ஷன் ஆபீசர்.