திட்டுவதற்கு ஓர் ஆள்

கேபிள் நல்லதா, டிஷ் நல்லதா என்று கேட்கிறவர்கள் கையில் ஒரு விலைப்பட்டியலோடு வருகிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை இல்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இரண்டுக்கும் ஒரு காபி, வடை காசுதான் முன்னே பின்னே வரும். நிஜ வித்தியாசம் வேறு. படம் நின்றுபோனால், கேபிள் வைத்திருப்பவருக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் உண்டு. டிஷ் வைத்திருப்பவர் வானத்தைத்தான் திட்ட வேண்டும்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அந்தச் சந்துக்கே கேபிள் கொடுப்பவர் அண்ணாச்சி. தோளில் ஒயர் வளையம், சட்டைப்பையில் டெஸ்டர், காதிடுக்கில் பேனா. படம் தெரியவில்லை என்று போன் செய்தால், "இந்தா வந்துட்டேன் சார், கொக்கிரகுளத்துல நிக்கேன்" என்பார். எத்தனையோ வருஷமாக அவர் கொக்கிரகுளத்திலேயேதான் நிற்கிறார். ஆனாலும் சாயங்கால சீரியல் தொடங்குவதற்குள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். வந்தால் முதலில் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டும், அப்புறம்தான் ஒயரைத் தொட வேண்டும். அது தெரிந்த மனிதர் என்பதால் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக வாங்கிக்கொள்வார். திட்டி முடிக்கிறபோது அம்மா களைத்துவிடுவாள். இருவருக்கும் காபி வரும்.

எங்கள் வீட்டில் கேபிள் மட்டும் இருந்தபோது தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது. மாதம் கேட்ட தொகையைக் கொடுத்தால் அட்டையில் கிறுக்கித் தருவார், வருகிறதையெல்லாம் பார்க்கலாம். போதாததற்கு லோக்கல் சேனல் ஒன்று இருந்தது. அதில் நகைக்கடை விளம்பரம், பக்கத்துத் தெருப் பேரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, இவற்றுக்கு இடையில் இடம் கிடைத்தால் ஒரு சினிமா. அண்ணாச்சி செய்த கல்விச் சேவையை எந்தக் கமிஷனும் பதிவு செய்யவில்லை. மார்ச் மாதம் வந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரை ரகசியமாக ஓரங்கட்டி, "பரீட்சை முடியுத வரைக்கும் லைனைப் புடுங்கி வையுங்க அண்ணாச்சி, பய கேட்டா ரிப்பேர்னு சொல்லிருங்க" என்பார்கள். அவரும் பொய் சொல்லிப் பல இன்ஜினீயர்களை உருவாக்கியிருக்கிறார். இந்த மாதிரி ஒரு பேக் எந்த டிஷ் கம்பெனியிடமும் கிடையாது.

2011-இல் ஜெயலலிதா, அரசு கேபிளுக்கு உயிர் கொடுத்து, மாதச் சந்தா 70 ரூபாய் என்று அறிவித்தார். அதில் 20 ரூபாய் அரசு கேபிள் நிறுவனத்துக்கு, மிச்சம் ஆபரேட்டருக்கு. "ஒயரு வாங்கவே காணாது சார்" என்று அண்ணாச்சி புலம்பினார். அம்மா சொன்ன விலைக்கு மேல் எங்கள் அம்மா ஒரு ரூபாய் தரவில்லை.

பிறகு, கிரிக்கெட்டை ஹெச்டியில் பார்க்க வேண்டும் என்று என் மகன் பிடித்த பிடிவாதத்தில் மொட்டை மாடியில் ஒரு டிஷ் ஏறியது. வடநாட்டில் சாய்ந்து நிற்கிற டிஷ் நம்மூரில் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கிறது. செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நாமோ அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து சேருகிற சிக்னல், கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு மழைமேகத்தைப் பார்த்தால் பயந்துவிடுகிறது. டிஷ்ஷுக்கு வருவது கூ பேண்ட். அதன் அலைநீளம் சிறியது, மழைத்துளி அதைச் சுலபமாக விழுங்கிவிடும். அண்ணாச்சியின் கட்டுப்பாட்டு அறைக்கும் வானத்திலிருந்துதான் சேனல்கள் வருகின்றன என்றாலும், அங்கே இருப்பவை ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பெரிய தட்டுகள். பெரும்பாலும் சி பேண்ட். மழை அதை அவ்வளவாகச் சீண்டாது.

ஆக, கார்த்திகை மாதத்தில் புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று தெரியவேண்டிய நேரத்தில் டிஷ் வீட்டில் நீலத்திரை. புயல் கடந்து, வெயில் அடித்து, துணி காய்ந்த பிறகு, "பொதுமக்கள் பாதுகாப்பாக இருக்கவும்" என்று படம் வரும்.

அம்மாவுக்குப் பிரச்சினை மழை இல்லை. "ஏல, படத்தக் காணலயே, அந்த ஆளக் கூப்பிடு" என்றாள். எந்த ஆளை? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். தமிழுக்கு ஓர் எண், புகாருக்கு ஓர் எண் என்று அமுக்கி முடிந்ததும் ஒரு பெண்குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. முக்கியம் என்று சொல்லிவிட்டவளை எப்படித் திட்டுவது? அம்மா போனை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, அன்று முழுக்க என்னைத் திட்டினாள்.

வானத்தின் மேல் புகார் கொடுப்பது எவ்வளவு வீண் வேலை என்பதற்கு 2010-ஆம் வருஷமே சாட்சி. அந்த ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் குறைந்து, சேனல்களை அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த ஒரு டிஷ் சேவை மலேசியச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. வானத்தில் ஏறி ஒயரை முறுக்கிவிட்டு வர எந்த அண்ணாச்சியாலும் முடியாது. மாறாக, கீழே இருக்கிற டிஷ்களைத்தான் வீடு வீடாக ஏறித் திருப்பினார்கள்.

இந்த நிலைமையில் 2019 பிப்ரவரியில் டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நமக்கெல்லாம் சுதந்திரம் வழங்கியது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். நியாயமான பேச்சு. ஆனால் முதலில் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு, சேனல் வந்து சேருகிற வழிக்காகவே கொடுத்துவிட வேண்டியிருந்தது. அதாவது சாப்பாட்டுக் கடையில் வாழை இலைக்கு 130, அதில் விழுகிற கூட்டு பொரியலுக்குத் தனித்தனி. நூறு சேனல் கொள்ளும் இலை. அதன் மூலையில் தூர்தர்ஷன் சேனல்கள் இரண்டு டஜன், கேட்காமலே பரிமாறி வைத்திருந்தார்கள். எழுந்து போகச் சொல்ல முடியாது. ஹெச்டி சேனல் கேட்டால் அது இலையில் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டது. கேபிள், டிஷ் இரண்டுக்கும் ஒரே சட்டம் என்பதால் இதில் மட்டும் பாரபட்சம் இல்லை.

தொகுப்பில் சேர்க்கிற சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றார்கள். சொல்லிவைத்தாற்போல் சன் டிவி 19, கே டிவி 19. விஜய் டிவி தாராள மனதோடு 17. பிறகு 12 ஆக்குகிறோம் என்றார்கள், சேனல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2022-இல் மறுபடியும் 19-க்கே வந்தார்கள். நடுவில் நாங்கள் வீட்டில் ஒரு நோட்டு போட்டோம். சன் இல்லாமல் அம்மா இல்லை, விஜய் இல்லாமல் மனைவி இல்லை, ஸ்போர்ட்ஸ் இல்லாமல் மகன் சோறு தின்னமாட்டான். மகளுக்குக் கார்ட்டூன். எனக்குச் செய்தி போதும், அது பெரும்பாலும் சும்மாவே வருகிறது. அதன் தரமும் அப்படியே. தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால், வேண்டாத ஏழெட்டு சேனலையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பு மலிவாக இருந்தது. அதனால் பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு என்கிற சுதந்திரத்தை முழுதாகப் பயன்படுத்தி, பார்க்காத சேனல்களையும் வாங்கினோம்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்று அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிற என் அத்தான் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறார். பெட்டி வாங்கியதோடு சரி, காலணா கிடையாது. வருவதில் பெரும்பகுதி இந்தி, அதிலும் கணிசமாக போஜ்புரி. இப்போது அத்தானுக்குப் போஜ்புரிக் கதாநாயகர்களின் குடும்பத் தகராறுகள் அத்துப்படி. வார்த்தை ஒன்றும் புரியாது. "பாட்டு நல்லாருக்கு மாப்ளே" என்கிறார்.

2024-இல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். இலையின் விலையைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளலாம். போன மாதம் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் தீர்ந்த மறுநாள் காலையில் வாசலில் அண்ணாச்சி. தோளில் அதே மாதிரி வளையம், ஒயர் மட்டும் மெல்லிசாகியிருந்தது. ஃபைபர் என்றார். நெட்டும் உண்டு, சேனலும் உண்டு, ஓடிடியும் உண்டு, எல்லாம் ஒரே பேக்கில். மகன் அதற்குள் ஸ்பீடு எவ்வளவு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டான். அம்மா திண்ணைக்கு வந்தாள்.

"மழை பெஞ்சா வருமா?"

"பேய் மழை பெஞ்சாலும் வரும் ஆச்சி."

"கரண்டு போனா?"

"பேட்டரி போட்டிருக்கோம்."

"ஆனித் தேரு அன்னைக்கு? தேரு வருதுன்னு வீதியில ஒயரையெல்லாம் அவுத்துருவியளே?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு ஒரு நாளு தேரப் பாருங்களேன், ஆச்சி."

அம்மா திட்டத் தொடங்கினாள். நான் போய் கனெக்‌ஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.