என்னிடம் இருந்த பழைய பிரதி

'ஒரு காவியம் கொல்லப்பட்ட கதை' என்று என் பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். முடிந்ததும் யாராவது அரைமணி நேரம் பேச வேண்டும். அந்த மாதத்து 'யாராவது' நான். படம், ராபர்ட் ஸெமெக்கிஸ் 2007இல் எடுத்த 'பேவுல்ஃப்'. பழைய ஆங்கிலத்தின் பெருங்காவியத்தைக் கம்ப்யூட்டர் அனிமேஷனில் செய்த படம். நான் எம்.ஏ. ஆங்கிலம் என்பதால் கூப்பிட்டார்கள். தபால் வழியில் படித்த எம்.ஏ. என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காவியத்தை நான் படித்ததில்லை. கைடில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒரு வீரன், ஓர் அரக்கன், அரக்கனின் தாய், கடைசியில் ஒரு டிராகன். ஐந்து மதிப்பெண் கேள்வி, நாலு வாங்கியிருப்பேன். அந்த நாலை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் நாற்பது பேர் முன்னால் நின்று காவியத்துக்கு வக்காலத்து வாங்கினேன். பெயரைக்கூட கடைசிவரை 'பியோவுல்ஃப்' என்றே சொன்னேன். யாரும் திருத்தவில்லை. பொன்னாடை போர்த்தப்பட்டவனைத் திருத்துவது நம் ஊரில் வழக்கமில்லை.

தயாரிப்பில் குறையில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டிவிடியை வரவழைத்து இரண்டு நாள் முன்பே பார்த்தேன். டைரியில் பதினான்கு குற்றங்கள் குறித்தேன். "எழுதிக்கிட்டே இருந்தா படத்தை எப்பங்க பார்ப்பீங்க?" என்று மனைவி கேட்டாள். விமர்சகனின் வேலை என்னவென்று அவளுக்கு விளக்கினேன். இதற்குள் கதாநாயகன் ஒரு கையைப் பிய்த்து முடித்திருந்தான். அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை.

என் முதல் குற்றச்சாட்டு நிர்வாணம். நள்ளிரவில் ஹெயரட் மண்டபத்துக்குள் கிரெண்டல் என்ற அரக்கன் நுழைகிறான். பேவுல்ஃப் அவனோடு பிறந்த மேனியாக மோதுகிறான். எது தெரியக்கூடாதோ அதற்கு நேராக ஒவ்வொரு முறையும் ஏதாவது சாமான் வந்து மறைக்கிறது. கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "ஆயிரம் வருஷத்துக் காவியத்துக்கு ஹாலிவுட் செய்த மரியாதை இது!" என்று மைக்கில் முழங்கினேன். கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

இரண்டாவது, கிரெண்டலின் பேச்சு. "அரக்கனுக்கு ஒரு மொழிகூடக் கொடுக்காமல் வெறுமனே ஊளையிட விட்டிருக்கிறார்கள்" என்றேன். மீதிப் பன்னிரண்டையும் சொல்ல நேரமில்லை. ஏஞ்சலினா ஜோலி நடித்த அரக்கனின் தாய்க்குக் குதிகாலே ஹை ஹீல்ஸ் மாதிரி வளர்ந்திருப்பதைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். மனித நடிகர்களின் உடம்பில் புள்ளிகள் ஒட்டி அசைவைப் பதிவுசெய்து, பிறகு கம்ப்யூட்டரில் வேறு உடம்பு போர்த்துவது இந்தத் தொழில்நுட்பம். ஐம்பது வயது ரே வின்ஸ்டனின் கனத்த உடம்பு திரையில் கட்டுமஸ்தான வாலிபனாகிவிட்டது. "முகம் இருக்கிறது, கண்ணில் உயிர் இல்லை" என்றேன். பதினான்கில் இந்த ஒன்று சரி. அன்றைக்கு மேடையில் இருந்த எனக்கும் அது பொருந்தும்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கல்லூரி மாணவி. மொபைலில் பாதிக் காவியம் படித்திருப்பதாக மிகவும் தயக்கத்தோடு சொன்னாள்.

"சார், கிரெண்டலோட சண்டை போடுறதுக்கு முன்னாடி அவன் கவசம், வாள் எல்லாத்தையும் கழட்டிக் கொடுத்துடறது மூலத்துலயே இருக்குல்ல சார்? அரக்கன் ஆயுதம் இல்லாம வர்றான், நானும் இல்லாமலே நிக்கிறேன்னு."

"அது... அம்மணமாக என்று இல்லை" என்றேன். இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஊகம்தான். பிறகு பார்த்தால், கவசத்தைக் கழற்றுவதோடு மூலம் நின்றுவிடுகிறது. மிச்சத் துணியைக் கழற்றியது ஸெமெக்கிஸ். என் வாழ்க்கையில் படிக்காமல் சரியாகச் சொன்ன ஒரே இலக்கியக் குறிப்பு.

"கிரெண்டல் பேசறது ஊளை இல்லன்னு நினைக்கிறேன் சார். பழைய ஆங்கிலம். காவியம் எழுதின மொழி."

படத்தில் ராஜா, ராணி, வீரன் எல்லோரும் இக்கால ஆங்கிலம் பேச, காவியத்தின் சொந்த மொழியைப் பேசுகிறான் அந்த அரக்கன். அதைத்தான் ஊளை என்று நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

மூன்றாவதாக அவள் கேட்டதுதான் என்னை முடித்தது. "தாயைக் கொல்றதுக்குத் தண்ணிக்குள்ள தனியா போறான். சாட்சி யாரும் இல்ல. திரும்பி வரும்போது கையில இருக்கிறது மகனோட தலை. தாயோட தலை இல்ல. அப்ப உள்ள என்ன நடந்ததுன்னு அவன் சொன்னதை வெச்சுத்தானே மத்தவங்களுக்குத் தெரியும்? திரைக்கதை எழுதினவங்க அந்த இடைவெளியிலதான் நுழைஞ்சிருக்காங்க இல்ல சார்?"

நீல் கெய்மனும் ரோஜர் ஏவரியும் எழுதிய திரைக்கதையில் அவன் அவளைக் கொல்லவில்லை. அவளோடு கூடிவிட்டு, கொன்றதாகப் பொய் சொல்கிறான். அதுதான் என் டைரியில் ஏழாவது குற்றம்: 'மூலத்தைப் படிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.'

"நல்ல கேள்வி" என்றேன். விடை தெரியாத பேச்சாளர்கள் எல்லோருக்கும் அடைக்கலம் தரும் இரண்டு சொற்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். கூட்டம் கலைந்ததும் அவள் வந்து, "புத்தகமாப் படிக்கணும்னு ஆசை சார், உங்ககிட்ட இருக்குமா?" என்றாள். "வீட்டில் ஒரு பழைய பிரதி இருக்கிறது, தேடித் தருகிறேன்" என்றேன். பழைய பிரதி! அந்த அடைமொழியை யார் கேட்டார்கள்?

அன்றிரவே ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பை ஆன்லைனில் வாங்கினேன். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஹீனி. நான்காம் நாள் வந்தது, வெள்ளை வெளேரென்று. வெயிலில் வைத்தேன். மூலைகளை மடித்தேன். அட்டையில் டபராவை வைத்து ஒரு தேநீர் வட்டம் போட்டேன். அங்கங்கே பென்சில் கோடு இழுக்க உட்கார்ந்தபோதுதான் தொல்லை தொடங்கியது: கோடு போட்ட வரிகளைப் படிக்க வேண்டியதாகிவிட்டது.

மொத்தம் 3,182 அடிகள். கம்பனைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு காண்டத்துக்கே போதாது. ஆனால் இடப்பக்கத்தைப் பொருள் தெரியாமல் வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வோர் அடியும் நடுவில் இரண்டாக ஒடிகிறது. ஒடிந்த துண்டுகளை முதலெழுத்து ஒலி பிடித்து ஒட்டவைக்கிறது. நம் மோனைதான்! உயிரெழுத்தில் நம்மைவிடத் தாராளம். நாம் அகரத்துக்கு ஆகாரம், ஐகாரம் என்று இனம் பார்ப்போம். அங்கே எந்த உயிருக்கும் எந்த உயிரும் மோனையாகும். 'இந்தப் படத்தில் கவிதை இல்லை' என்பது என் பதினோராவது குற்றம். கவிதை என்னவாக இருந்தது என்று எனக்கே அன்றுதான் காதில் விழுந்தது.

இது ஒற்றைப் பிரதியில் உயிர்பிழைத்த காவியம். 1731இல் லண்டனில் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பற்றியபோது ஓரம் கருகியது. பிறகு அந்த ஓரங்கள் தொடத் தொட உதிர்ந்தன. உ.வே.சா. பிடித்த ஏடுகளை நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் தேநீர் வட்டம் காய்ந்துகொண்டிருந்தது.

படித்து முடித்த பிறகு எனக்கு உண்மையாகவே ஒரு குறை அகப்பட்டது. காவியத்தில் பேவுல்ஃப் தன் கீட்ஸ் நாட்டுக்குத் திரும்பி, ஐம்பது ஆண்டு ஒழுங்காக அரசாள்கிறான். யாரோ ஓர் அடிமை புதையலிலிருந்து ஒரு கிண்ணத்தைத் திருட, டிராகன் விழிக்கிறது. கிழவன் போகிறான், கூட வந்தவர்கள் காட்டுக்குள் ஓட, விக்லாஃப் ஒருவன் நிற்கிறான், கிழவன் சாகிறான். அவன் செய்த தப்பு எதுவும் இல்லை. படத்தில் அவன் டென்மார்க்கிலேயே தங்கி அரசனாகிறான். டிராகன், அந்தப் பழைய இரவில் பிறந்த அவனுடைய மகன். கச்சிதமான கதைதான். ஆனால் பாவத்துக்குச் சம்பளமாகச் சாவு வந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. கணக்கே இல்லாமல் சாவு வரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. மூலத்தில் பிசைந்தது, படத்தில் பிசையவில்லை. பதினான்கையும் அடித்துவிட்டு இந்த ஒன்றைப் பேசியிருக்கலாம். கூட்டம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். "எத்தனை தடவை படிச்சிருக்கீங்க சார், அட்டையே தேஞ்சு போச்சு!" என்றாள். நான் மறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பிரித்தேன். பேவுல்ஃப் கவசத்தைக் கழற்றும் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாளை நாலாக மடித்து வைத்திருந்தாள். விரித்தேன். புத்தகத்தோடு வந்த பில். என் பெயர், விலை, கூட்டம் நடந்த அன்றிரவின் தேதி.