ஹெரால்டு சார்

சைதாப்பேட்டை பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து போனால் ஹெரால்டு சாரிடம் மாட்டாமல் தப்ப முடியாது. அவர் தனி ஆள் இல்லை, ஒரு ரகம். மாம்பலத்தில் பியட் சார், மந்தைவெளியில் அம்பாசிடர் சார் என்று அவதாரம் மாறும். சைதாப்பேட்டைக்காரருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் பொருந்தும். கிண்டியைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோடு போனால் வண்டலூர்ப் பக்கம் பிறந்த வண்டி. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது, உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி, 1961-லிருந்து மெட்ராஸ் தயாரிப்பு, நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் வந்தது. மணி என்ன என்று கேட்டவருக்குக்கூட இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் மணி சொல்வார்.

வண்டி ஓடும். ஹெட்லைட்தான் எரியாது. எரியவே எரியாது என்றும் சொல்ல முடியாது. அதற்குத் தோன்றும்போது எரியும்.

இதில் வண்டியின் பங்கும் உண்டு. ஹெரால்டின் பானெட் வெறும் மூடி இல்லை. மட்கார்டு, கிரில், ஹெட்லைட் எல்லாம் ஒட்டிப் பிறந்த ஒரே கூடு. பின்பக்கம் தூக்கினால் மொத்தமும் முன்னால் சாயும். என்ஜின் வேலைக்கு இதைவிடச் சுகம் கிடையாது, முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கலாம். லைட்டுக்குப் போகும் ஒயருக்குத்தான் கஷ்டகாலம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மடங்கி நிமிர்ந்து, நடுவில் செருகியிருக்கும் புல்லட் கனெக்டர் தளர்ந்துவிடும். ஆக, லைட் எரியவில்லையே என்று பானெட்டைத் திறந்தால் எரியும். மூடினால் அணையும்.

வேறு யாராக இருந்தாலும் ஒயரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஹெரால்டு சார் டைனமோவைச் சந்தேகப்படுவார். அரசாங்க ஆபீஸில் இருந்து ரிட்டயரான மனுஷர், எந்தக் குறையையும் கீழ்மட்டத்திலேயே தீர்த்துவிட அவருக்கு மனசு வராது. டைனமோ, அப்புறம் கட்-அவுட், பேட்டரி, ஸ்விட்ச் என்று படிப்படியாக இறங்குவார். டைனமோ மேல் அவருக்கிருக்கும் சந்தேகம் முழு அபாண்டமும் இல்லை. ஐடிலிங்கில் அது உருப்படியாகச் சார்ஜ் கொடுக்காது. சின்னமலை சிக்னலில் நிற்கும்போது லைட் மஞ்சளாகி, வண்டி நகர்ந்ததும் தெளியும் என்றால் அதற்குக் காரணம் டைனமோதான். ஆனால் ஒரு பக்க லைட் மட்டும் அழுதால் டைனமோவை எதற்குக் கழற்ற வேண்டும்? இதை அவரிடம் கேட்கக்கூடாது. கேட்டால் லேமினேட் செய்த வயரிங் படம் வெளியே வரும்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பாடமே எடுப்பார். நீலம் ஹெட்லைட்டுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, சிவப்புக் கோடு டிம்முக்கு, கறுப்பு எர்த்துக்கு. லூகாஸ் கம்பெனி வகுத்த நிறக்கணக்கு, உண்மையிலேயே அழகான ஏற்பாடு. படத்தில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் எங்கே என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்தக் காலத்து லூகாஸ் வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. பர்மிங்ஹாமில் விளக்கு விற்று ஆளான ஜோசப் லூகாஸ், தன் சைக்கிள் விளக்குக்குச் ‘சாலையின் அரசன்’ என்று பெயர் வைத்தார். பின்னாளில் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருந்தவர்கள் அவருக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். ஹெரால்டு சாருக்கு இந்தக் கிண்டல் பிடிக்காது. 1961-இலேயே பாடிக்கு லூகாஸ் டி.வி.எஸ். வந்தாயிற்று, நம்ம ஊர்ச் சாமானைக் குறை சொல்லலாமா என்பது அவர் கட்சி.

கடைசியில் எலக்ட்ரீஷியன் தம்பி வருவான். கையில் இருப்பது ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். அதற்குப் பெயர் டெஸ்ட் லாம்ப்.

“சார், டிம்ல போட்டா டேஷ்போர்டுல பிரைட் லைட் லேசா மினுக்குது பாத்தீங்களா? எர்த்து சார்.”

“எர்த்தெல்லாம் இருக்காது தம்பி. நான் டைனமோவையே கழட்டிப் பாத்துட்டேன்.”

தம்பி சொல்வது சரி. எர்த் பிடிக்காத பல்பில் டிம் இழை வழியாக வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல், பிரைட் இழை வழியாகப் பின்பக்கம் ஏறி, அடுத்த லைட்டிலும் டேஷ்போர்டிலும் போய்த் தலைகாட்டும். ஹெரால்டு சாரிடமே ரிச்சி தெருவில் வாங்கிய மல்ட்டிமீட்டர் இருக்கிறது. லைட்டைப் போட்டுவிட்டு ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்திலும் மற்றதை பல்பு ஹோல்டரின் உடம்பிலும் வைத்தால் போதும், கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். வைக்கிறார். இரண்டு வோல்ட் காட்டுகிறது. பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜில் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும் என்று எல்லோருக்கும் வகுப்பெடுப்பவர் இவர்தான். மீட்டரையே முறைத்துப் பார்க்கிறார். மீட்டரில் பேட்டரி வீக்காக இருக்கும் என்கிறார்.

தம்பி ஒரு ஸ்குரூவைக் கழற்றுகிறான். அடியில் துரு, ஒயர் நுனியில் பச்சைப் பாசி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றபோது தெருவுக்குள் வந்த தண்ணீர் விட்டுப்போன சொத்து. உப்புத்தாளால் தேய்த்து, புது லக் வைத்து முடுக்கியதும் லைட் பளிச்சென்று எரிகிறது. “அப்படியே ரெண்டு ரிலே போட்டுடலாம் சார், ஸ்விட்சுக்கு லோடு கம்மியாகும்” என்கிறான். நல்ல யோசனைதான். ஒரிஜினாலிட்டி போய்விடும் என்று சார் மறுத்துவிடுகிறார். அதே வண்டியில் புளூடூத் ஸ்பீக்கர் இருப்பது வேறு விஷயம்.

“ஏங்க, ராத்திரியில நீங்க வண்டியே எடுக்கிறதில்லையே, அப்புறம் எதுக்கு இந்த லைட்டு?” என்று வீட்டு அம்மா கேட்பது நியாயம். பதில் வராது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் பதிவுக்கும் அவர் மனுப் போடவில்லை. ‘வி.ஏ.’ எழுத்தோடு நம்பர் வாங்கினால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. காபிப் பொடி வாங்கப் போக முடியாதே.

எதிர்வீட்டுப் பையன் புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான். ஒரு பக்க எல்.இ.டி. போய்விட்டது. உள்ளே பல்பை மட்டும் மாற்ற முடியாது, மொத்த யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸில் சொல்லிவிட்டார்களாம். ஹெரால்டு சார் மல்ட்டிமீட்டரோடு கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

“பானெட்டைத் திற தம்பி. முதல்ல டைனமோவைப் பாப்போம்.”