ஊதல் இயல்

வணிக வாகன ஓட்டுநர் தெளிவுடன் உள்ளாரா என அறியச் சட்டம் இரு வழிகள் வகுத்துள்ளது: வாயால் ஊதச் செய்தல், ஆய்வகத்தில் இரத்தம் சோதித்தல். பின்னதற்குச் சாலையோரம் ஏற்ற இடமன்று. ஆகவே முன்னதே இங்கு ஆராயப்படும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மதுவைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போதைப்பொருளுக்கு இத்தகைய எண் இல்லை. வண்டியைக் கட்டுக்குள் வைக்க இயலாத அளவு என்பதே வரையறை. அவ்வளவு எட்டியதா என்பதை ஐயமறக் காட்டவல்லது சாலையோரப் புளியமரம் ஒன்றே.

ஊதல் மூவகைப்படும். முழு ஊதல், அருந்தாதவருடையது. கன்னம் உப்பும், கண் பிதுங்கும், காவலரின் தொப்பி சிறிது அசையும். குற்றூதல், நேற்று அருந்தியவருடையது. உள்ளூதல், சற்றுமுன் அருந்தியவருடையது. உதடு குவிந்திருக்கும், காற்று மட்டும் எதிர்த்திசையில் செல்லும். கொய்யா இலை மென்று ஊதுவதை நான்காம் வகையாகக் கொள்வோர் உளர். அது மணத்தைச் சார்ந்ததேயன்றி ஊதலைச் சார்ந்ததன்று. காவலர் மூக்கே கருவியாயிருந்த நாளில் அவ்விலைக்கு மதிப்பிருந்திருக்கலாம்.

ஊதாமை தனி இனம். தக்க காரணமின்றி ஊத மறுத்தலை வழக்குக்குத் துணைசெய்யும் சூழலாகக் கொள்ளலாம் என்கிறது பிரிவு 205. சதுரகிரி மலை ஏறும் அடியார்களை அடிவாரத் தாணிப்பாறையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வேன் ஓட்டுநருக்கு அமாவாசை விரதம் தக்க காரணமாகுமா என்பதை அப்பிரிவு விளக்கவில்லை.

குட்கா தமிழ்நாட்டில் 2013-இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே அது தங்கியிருப்பதை ஊதல் கருவி கண்டுகொள்வதில்லை; மது ஒன்றே அதன் பாடத்திட்டம்.

இனி, வத்திராயிருப்பில் பொழுது சாய லோடு ஏற்றிக் கிருஷ்ணன்கோவில் முக்கு வந்துசேரும் தேங்காய் லாரி. ஓட்டுநர் முந்தைய இரவும் உறங்கியவரல்லர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளொன்றுக்கு 8 மணி நேரம் என வரையறுத்தது. அது மீறப்பட்டதை ஊதிக் கண்டறியும் கருவி இன்னும் வரவில்லை. மூன்று டீ குடித்திருந்த அவர் பிழையற்ற முழு ஊதல் ஊதினார். கருவி சைபர் காட்டியது. கிளீனர் நன்கு உறங்கியெழுந்தவர். ஓட்டுநர் அல்லர் ஆதலின் அவர் சோதனைக்கு உரியவர் ஆகார். 'சரி, போ' எனப்பட்டதும் ஓட்டுநர் நெடிய கொட்டாவி ஒன்று விட்டார். காற்றை உள்ளிழுத்தலில் கொட்டாவி உள்ளூதலை ஒக்கும். எனினும் உதடு குவியாமையின் அவ்வகையில் அடங்காது, அபராதமும் இல்லை.