நேரம் காணாதவர்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதுவோரை விடை தெரிந்தவர், தெரியாதவர் என இரு வகையாகப் பகுப்பது வழக்கமாயினும், புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற தீவகத்து ஊர்களில் இவ்விரண்டிலும் அடங்காத ஒருவர் தவறாது காணப்படுவார். அவரே ‘நேரம் காணாதவர்’, அதாவது விடை முழுவதும் மனத்தில் இருந்தும் கை ஓடாமையால் எழுதி முடிக்காதவர்.

கலைப் பிரிவுப் பாடங்கள் பலவற்றில் இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலமும், வினாக்களைப் படித்துத் தெரிவு செய்வதற்கென ‘மேலதிக வாசிப்பு நேரம்’ எனப்படும் 10 நிமிடமும் வழங்கப்படுகின்றன. ஐந்து வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 36 நிமிடம் என்ற கணக்கை ரியூசன் வாத்தியார் சொல்லக் கேட்டுக் கொப்பியின் உள்மட்டையில் அழகாக எழுதி, அடிக்கோடும் இட்டு வைத்திருப்பவர் இவர். மண்டபத்திலும் அதே அடிமட்டம் வெளிப்படும். வினா இலக்கத்தின் கீழ் இரட்டைக் கோடு கீறப்படும். ஓர் எழுத்து மயிரிழை பிசகினாலும் அச்சொல் முழுவதும் வெட்டப்பட்டு மறுபடி எழுதப்படும்.

முன்னுரையில் இவர் கொண்டுள்ள பக்தி தனியே ஆராயத்தக்கது. ஒல்லாந்தர் நிருவாகம் பற்றிய வினாவுக்கு 1505இல் போர்த்துக்கேயர் கரைசேர்ந்ததிலிருந்து தொடங்குவதே முறையென இவர் கருதுவதால், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வருமுன் அரை மணித்தியாலம் கழிந்துவிடும். கேட்கப்படாவிடினும், புங்குடுதீவுக்கு ஒல்லாந்தர் மிடில்பேர்க் எனப் பெயரிட்டதைச் சொல்லாமல் விட ஊர்ப்பற்று இடந்தராது. சீனப் பேரரசின் மாகாணத் தேர்வில், பரீட்சார்த்திகள் சிறு அறைகளில் இராத்தங்கி, நாட்கணக்கில் கட்டுரை வரைந்தனர். அம்முறை 1905இல் ஒழிக்கப்பட்டது இவரைப் பொறுத்தவரை பேரிழப்பே.

‘இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு’ என நோக்குநர், அதாவது மண்டபத்தைக் கண்காணிக்கும் ஆசிரியர், அறிவித்ததும் மூன்றாம் வினாவின் எழுத்துக்கள் குறிகட்டுவானில் கடைசிப் படகுக்கு ஓடுவோர்போல ஒன்றன்மேல் ஒன்று விழத் தொடங்கும். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இலக்கங்கள் மட்டும், இரட்டைக் கோட்டுடன், இடப்பட்டிருக்கும். தாள்களை நூலால் கட்டும்போது முடிச்சு நேராக விழவில்லையென அவிழ்த்து மறுபடி கட்டவும் இவர் தயங்கார்.

வீட்டில் தாயார் ‘எப்பிடி ராசா எழுதினனீ?’ என்று கேட்க, ‘எல்லாம் தெரிஞ்ச கேள்வியள்தான் அம்மா, நேரம் காணேல்லை’ என்பார். அன்று இவர் தாமதமின்றி முடித்த விடை அது ஒன்றே.

இதில் பரீட்சைத் திணைக்களத்தை நோவதற்கில்லை. வினாவொன்றுக்கு 20 புள்ளி வீதம் வழங்கப்படும் தாளில், இரண்டைக் குறைவற எழுதி முடித்தவருக்கு ஆகக்கூடியது 40 புள்ளி. ஐந்தையும் அரைகுறையாக எழுதிப் பாதிப் பாதி பெற்றவருக்கு 50.